தோட்டச் செய்தி எழுத ஏன் ஆள் குறைகிறது? (சுங்கை சிப்புட் வட்டார இழை)

தோட்டத்து முரசு

வணக்கம். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து நாளிதழுக்குப் போகும் செய்தி குறைந்துகொண்டே வருகிறது. போவதும் பெரும்பாலும் பொன்னாடை, மாலை, மாதிரிக் காசோலைப் படங்கள்தான். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) தண்ணீர் வராதது, சம்பளச் சீட்டில் பிடித்தம் சரியில்லாதது, நிலம் கைமாறுவது எல்லாம் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) குரல் பதிவாக இரண்டு நாள் சுற்றிவிட்டு அடங்கிவிடுகின்றன.

1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019 ஜனவரி 31-ஆம் தேதி இதழோடு நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் 'உத்துசான் மலேசியா' நின்று, மறு ஆண்டு வேறு நிர்வாகத்தில் திரும்பி வந்தது. அவ்வளவு பெரிய மலாய் நாளிதழுக்கே அந்த நிலை என்றால், ஒரு செய்திக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் நம் வட்டார நிருபர் எதை நம்பி மோட்டார் சைக்கிளை எடுப்பார்?

1948 ஜூன் 16-இல் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுடப்பட்டு, அவசரகாலச் சட்டம் வரக் காரணமான வட்டாரம் இது. ஊர்ப் பெயர் பத்திரிகையில் வர அப்படியொரு விபரீதம் தேவைப்படக்கூடாது. புலம்பலை விட்டுவிட்டுப் பணம், சட்டம், சரிபார்ப்பு இந்த மூன்றைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

துணையாசிரியர் மேசை

முரசு தம்பி, பணத்திலிருந்தே ஆரம்பிப்போம். மற்ற நெருக்கடிகளெல்லாம் அதிலிருந்து பிறந்தவை.

வட்டார நிருபருக்கு அச்சில் வந்த செய்திக்குத்தான் கூலி. அலைச்சலுக்கு இல்லை, பெட்ரோலுக்கு இல்லை. ஈப்போ நீதிமன்றத்துக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். காலையில் போய் உட்கார்ந்தால் வழக்கு மதியத்துக்குத் தள்ளிப் போகலாம், வேறு தேதிக்கே போகலாம். நாள் முழுக்கக் காத்திருந்து எழுதிய செய்திக்கும், ஒரு தலைவரின் உதவியாளர் படத்தோடு அனுப்பிய அறிக்கைக்கும் கிட்டத்தட்ட ஒரே கூலி. அப்புறம் யார் நீதிமன்றம் போவார்கள்? இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்தது விளம்பரம். தமிழ் நாளிதழுக்கு மூன்று இடத்திலிருந்து வருமானம்: தீபாவளி, பொங்கல் வாழ்த்து ஒன்று; கோயில் திருவிழாப் பக்கங்கள் இரண்டு; மரண அறிவிப்பும் நினைவாஞ்சலியும் மூன்று. மூன்றாவது ஏறக்குறையக் கைப்பேசிக்குப் போய்விட்டது. இறந்தவரின் படம், வீட்டு முகவரி, தகன நேரம் எல்லாம் போட்ட சுவரொட்டி ஒரு மணி நேரத்தில் புலனக் குழுக்களில் வந்துவிடுகிறது, செலவே இல்லை. மறுநாள் பத்திரிகைக்குக் காத்திருக்க வேண்டிய அவசியம் குடும்பத்துக்கு இல்லை.

மிஞ்சியது வாழ்த்து விளம்பரமும் கோயில் பக்கமும். அதைப் பிடித்துக் கொடுப்பதும் அதே நிருபர்தான், தரகுத் தொகைக்காக. கழுத்தை நெரிப்பது இங்கேதான். தீபாவளிக்கு அரைப்பக்கம் கொடுத்தவர்மேல் ஜனவரியில் ஆலயக் கணக்கு சரியில்லை என்று புகார் வந்தால், நிருபர் எந்தக் கையால் எழுதுவார்? யாரும் மிரட்டத் தேவையே இல்லை. அவரே பேனாவை மூடிவிடுவார்.

வட்டார நிருபர்

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. வேலைப் பளுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பு ஒரு நிகழ்வுக்கு ஒரு செய்தி, ஒரு படம். இப்போது அச்சுக்குச் செய்தி, இணையத்துக்கு உடனடிச் சுருக்கம், முகநூலுக்கு நேரலை, டிக்டாக்குக்கு நின்ற வாக்கில் ஒரு நிமிடக் காணொலி. எல்லாம் ஒரே ஆள், ஒரே கைப்பேசி.

புதிதாக வருகிற தம்பி தங்கைகளுக்கு இந்த வரிசையைச் சொல்வேன். சம்பவ இடத்துக்குப் போனதும் முதலில் தூரத்திலிருந்து இடம் தெரியும்படி நாலைந்து படம். அடுத்து பெயர்கள். பெயரைக் காதால் கேட்டு எழுதாமல் நோட்டில் அவரையே எழுதச் சொல்லுங்கள். முனியாண்டிக்கும் முனியாண்டிக்கும் தகப்பன் பெயர்தான் வித்தியாசம், அதையும் வாங்குங்கள். பிறகு குரல் பதிவு. தொடக்கத்திலேயே தேதி, இடம், பேசுபவர் பெயர் மூன்றையும் நீங்களே சொல்லிப் பதிவு செய்தால் ஆறு மாதம் கழித்தும் எது எது என்று குழம்பாது. காணொலி கடைசியில்தான். நேரலை முதலில் போனால் கை அதிலேயே மாட்டிக்கொள்ளும், பெயரும் கிடைக்காது, படமும் கிடைக்காது.

சாலை விபத்தில் நேரலையே வேண்டாம். வாகன எண்ணைப் பார்த்துத்தான் வீட்டுக்காரர்களுக்கு மரணம் தெரியவரும் என்றால் அது கொடுமை. பள்ளிப் பிள்ளைகள் சம்பந்தப்பட்ட வழக்கிலும் மிகக் கவனம் தேவை. 2001 சிறார் சட்டம் 15-ஆவது பிரிவு பெயர், முகவரி, பள்ளி, படம் என்று அடையாளம் காட்டும் எதையும் போடக்கூடாது என்கிறது. மீறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். முகத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டுத் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெயரைப் போடுகிறார்கள். ஐம்பது பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

தோட்டத்து முரசு

அக்கா, நாளிதழை நம்பாமல் ஊர்ப் பக்கம் ஒன்றை முகநூலில் நடத்தினால் இந்த விளம்பரப் பிடியிலிருந்து தப்பலாமே? சட்டப்படி எவ்வளவு ஆபத்து?

சட்டப்புத்தகம்

தப்பலாம், ஆனால் வேறு பிடி இருக்கிறது. தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

இணையத்தில் மட்டும் வெளியிட்டால் 1984 அச்சக, வெளியீட்டுச் சட்டத்தின் உரிமம் தேவையில்லை. ஆனால் "மாதம் ஒருமுறை நாலு பக்கம் அச்சடித்துக் கோயிலில் கொடுப்போம்" என்று கிளம்பாதீர்கள். குறிப்பிட்ட கால இடைவெளியில் செய்தி தாங்கி வரும் அச்சு எதுவாக இருந்தாலும் உள்துறை அமைச்சின் அனுமதி வேண்டும். இல்லாமல் அச்சிட்டால் மூன்றாண்டு வரை சிறை, 20,000 ரிங்கிட் வரை அபராதம்.

பெரிய ஆபத்து பின்னூட்டங்களில் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் மலேசியாகினி செய்தித் தளத்துக்கு 5 லட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தது எதற்காக? அவர்கள் எழுதிய செய்திக்காக இல்லை. வாசகர்கள் நீதித்துறையைப் பற்றிப் போட்ட கருத்துகளுக்காக. 1950 சாட்சியச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 114ஏ பிரிவு, பக்கத்தின் உரிமையாளர், நிர்வாகி, ஆசிரியர் என்று யார் பெயர் காட்டப்படுகிறதோ அவரே வெளியிட்டார் என்று முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் வேலை. மலேசியாகினிக்கு வாசகர்கள் சில மணி நேரத்தில் அந்தப் பணத்தைத் திரட்டிக் கொடுத்தார்கள். சுங்கை சிப்புட் பக்கத்துக்கு யார் திரட்டுவார்கள்?

ஆகவே வழக்கு, மதம், இனம், மரணம் சம்பந்தப்பட்ட பதிவில் பின்னூட்டத்தை மூடிவிடுங்கள். மற்றவற்றில் கெட்ட வார்த்தை வடிகட்டியைத் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும் வடிவத்திலும் நிரப்பி வையுங்கள். இரவில் பார்க்க ஆள் இல்லையென்றால் இரவில் பதிவு போடாதீர்கள்.

தொடர்பு, பல்லூடகச் சட்டம் 233-ஆவது பிரிவும் 2025 பிப்ரவரி முதல் கடுமையாகியிருக்கிறது. அபராத உச்சவரம்பு 50,000 ரிங்கிட்டிலிருந்து 5 லட்சமாகவும், சிறை ஓராண்டிலிருந்து இரண்டாண்டாகவும் ஏறிவிட்டது. பொய் என்று தெரிந்தும் பிறரைத் துன்புறுத்தும் நோக்கில் போடுவது இதற்குள் வரும். நீங்கள் சரிபார்த்ததற்கான தடயம் கையில் இருப்பதுதான் உங்கள் முதல் கவசம்.

அவதூறு வழக்கு தொடரத் தீபகற்பத்தில் ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. எனவே நோட்டுப் புத்தகம், குரல் பதிவு, கேட்ட கேள்வியின் புலனத் திரைப்பிடிப்பு எல்லாவற்றையும் ஆறு ஆண்டு வைத்திருக்க வேண்டும். கைப்பேசி மாற்றும்போது பாதிப்பேர் இதைத்தான் தொலைக்கிறார்கள். ஒரு பிரதி வீட்டில் வெளிவட்டில், ஒரு பிரதி இணையச் சேமிப்பில்.

செம்பனை 60

ஐயா, செய்தி கொடுப்பவன் பக்கத்தையும் கொஞ்சம் சொல்லுங்கள். தோட்ட ஆபீஸ் கிராணி (எழுத்தர்) ஒரு காகிதத்தைப் படம் பிடித்துக் கொடுத்தால் அவருக்கு என்ன பாதுகாப்பு?

சட்டப்புத்தகம்

பத்திரிகையிடம் கொடுத்தால் எதுவும் இல்லை. 2010 தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம் அமலாக்க நிறுவனத்திடம் புகார் செய்பவரைத்தான் காக்கிறது. ஆகவே அந்தக் கிராணி முதலில் தொழிலாளர் இலாகாவிலோ, ஊழல் என்றால் ஊழல் தடுப்பு ஆணையமான எம்.ஏ.சி.சி.யிலோ புகார் கொடுக்கட்டும். விஷயத்தை ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தால் அந்தப் பாதுகாப்பையும் இழக்க நேரிடும் என்பதை அவரிடம் நீங்களே முதலில் சொல்லிவிட வேண்டும். செய்தி ஆசையில் மறைக்கக்கூடாது.

நம் நாட்டில் நிருபர் தன் மூலத்தைக் காக்கத் தனிச் சட்டம் கிடையாது. கைப்பேசியைப் போலீஸ் எடுத்துக்கொள்ளலாம். எனவே மூலத்தின் பெயரைக் கைப்பேசித் தொடர்புப் பட்டியலில் முழுதாக வைக்காதீர்கள். காகிதத்தை நேரில் பார்த்து, தேவையான வரிகளைக் கையால் எழுதிக்கொண்டு, படத்தை வாங்காமலே வருவதுதான் பல நேரம் நல்லது.

தோட்டத்து முரசு

போன வாரம் முதல் ஒரு படம் சுற்றுகிறது. "30 நாளில் வீட்டைக் காலி செய்யவும்" என்று மலாயில் ஒரு தோட்டக் கடிதம். எந்தத் தோட்டம் என்று இங்கே போடவில்லை. இப்படி ஒன்று கைக்கு வந்தால் எங்கிருந்து ஆரம்பிப்பது?

துணையாசிரியர் மேசை

இதை விரிவாகவே சொல்கிறேன். தோட்ட வட்டாரத்தில் மிக அதிகமாக வருவதும், மிக அதிகமாகத் தவறுவதும் இந்த வகைச் செய்திதான்.

படத்தை முதலில் பெரிதாக்கிப் பாருங்கள். மேலே 'ருஜுக்கான்' (குறிப்பு) எண், தேதி இருக்கிறதா? தேதி எந்த ஆண்டு? பழைய கடிதம் புதிதாகச் சுற்றுவது சர்வ சாதாரணம். கையொப்பம் இட்டவர் தோட்ட மேனேஜரா, தலைமையகமா, வழக்கறிஞர் நிறுவனமா? வழக்கறிஞர் கடிதம் என்றால் யார் சார்பில் என்று முதல் பத்தியில் இருக்கும். முத்திரை, தொலைபேசி எண் இருந்தால் அந்த எண்ணுக்கு அழைக்காதீர்கள். அந்த நிறுவனத்தின் எண்ணைத் தனியாகத் தேடி அழையுங்கள். போலிக் கடிதத்தில் எண்ணும் போலியாகத்தான் இருக்கும்.

அடுத்து, கடிதம் பெற்றவர்களில் குறைந்தது மூன்று வீட்டாரை நேரில் பார்த்து மூலக் கடிதத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். மூன்றிலும் தேதி, கெடு, லாட் (நிலத் துண்டு) எண் ஒத்துப்போகிறதா? சில நேரம் பணியில் இருப்பவருக்கு ஒரு கெடு, ஓய்வு பெற்று லயத்திலேயே இருப்பவருக்கு வேறு கெடு கொடுத்திருப்பார்கள். "எல்லாரையும் விரட்டுகிறார்கள்" என்று எழுதினால் அங்கேயே செய்தி பிழையாகிவிடும்.

மூன்றாவது, நிலம் யாருடையது. இங்கேதான் பலர் ஒரு நாளை வீணாக்குகிறார்கள். தோட்ட நிலம்தானே, கோலகங்சார் நில அலுவலகத்துக்குப் போவோம் என்று கிளம்பிவிடுவார்கள். தேசிய நிலச் சட்டப்படி நான்கு ஹெக்டேருக்கு மேற்பட்ட கிராமப்புற நிலத்தின் பட்டா மாநிலப் பதிவகத்தில்தான் இருக்கும், அதாவது ஈப்போவில். லாட் எண், முக்கிம் (மாவட்ட உட்பிரிவு) பெயர், கெரான் (பட்டா) எண் மூன்றும் இருந்தால் கட்டணம் கட்டித் தேடல் செய்யலாம். பட்டாவில் இப்போதைய உரிமையாளர், அடமானம், தடை மனு எல்லாம் தெரியும். பெயர் புதிய நிறுவனமாக இருந்தால் நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் அதன் இயக்குநர்கள், பதிவு முகவரியை எடுங்கள். கடிதத்தில் ஒரு பெயர், பட்டாவில் வேறு பெயர் என்றால் அதுவே உங்கள் தலைப்புச் செய்தி.

சிலாங்கூரிலும் பினாங்கிலும் தகவல் சுதந்திரச் சட்டம் மாநில அளவில் இருக்கிறது. பேராக்கில் இல்லை. அங்கே எழுதும் நண்பர்கள் சொல்லும் வழி இங்கே உதவாது. நமக்குப் பதிவகமும் நேரில் கேட்கும் கேள்வியும்தான்.

நான்காவது கேள்வி: நீதிமன்ற ஆணை இருக்கிறதா? நோட்டீஸ் வேறு, ஆணை வேறு. இரண்டையும் ஒன்றாக எழுதினால் பயந்துபோய் ஒரு குடும்பம் சாமான்களைக் கட்டிவிடும்.

செம்பனை 60

தோட்டம் விற்றுப் பாட்டாளிகளை நிறுத்தினால் "இழப்பீடு வழங்கப்பட்டது" என்று ஒரே வரியில் முடிக்கிறார்கள். அது போதாது. 1980 பணிநீக்கப் பயன் விதிமுறைகளில் கணக்கு தெளிவாக இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்துக்குள் என்றால் 15 நாள், ஐந்தும் அதற்கு மேலும் 20 நாள். நோட்டீஸ் காலம் முறையே 4, 6, 8 வாரம்.

மாதம் 1,700 ரிங்கிட் வாங்கி 20 ஆண்டு வேலை செய்தவருக்கு 400 நாள் சம்பளம். ஓராண்டுச் சம்பளத்தை 365-ஆல் வகுத்தால் நாளுக்கு ஏறக்குறைய 55.90. மொத்தம் 22,300 ரிங்கிட்டுக்குச் சற்று மேல். கையில் கொடுத்தது 8,000 என்றால் மீதி எங்கே என்று கேட்பதுதான் செய்தி. புதிய முதலாளி பழைய நிபந்தனைக்குக் குறையாமல் வேலை தர முன்வந்தால் இந்தப் பயன் கிடைக்காது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

சம்பளச் சீட்டைப் பார்க்கும்போது ஒரு மாதச் சீட்டு போதாது, தொடர்ச்சியாக மூன்று மாதம் வாங்குங்கள். மழை மாதத்தில் வேலை நாள் குறையும். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட். செம்பனைக் குலைக் கணக்கில் கூலி வாங்குபவருக்கும் அது பொருந்தும். இப்போது தோட்டத்தில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசிய, வங்காளதேச நாட்டவர். அவர்களின் சீட்டையும் பாருங்கள். தமிழ்ப் பத்திரிகை என்பதற்காக அவர்களை விட்டுவிடுவது சரியில்லை. அவருக்குக் குறைத்துக் கொடுத்துப் பழகினால் நம் ஆளுக்கும் அதே கதிதான்.

வட்டார நிருபர்

மொழிபெயர்ப்பு இயந்திரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மலாய் போலீஸ் அறிக்கையைப் போட்டால் அரை நிமிடத்தில் தமிழ் வந்துவிடுகிறது. ஏக்கரும் ஹெக்டேரும் அதில் மாறிப்போகும்; ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர், 100 ஹெக்டேர் தோட்டத்தை 100 ஏக்கர் என்று எழுதினால் பாதிக்கு மேல் நிலம் காணாமல் போய்விடும். குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளியாகிவிடுகிறார். தடுப்புக் காவலில் இருப்பவர் சிறைத்தண்டனை பெற்றவராகிறார். இதற்கு அவதூறு வழக்கு வந்தால் இயந்திரம் வந்து நிற்காது. எண், பெயர், வழக்கின் நிலை மூன்றையும் மூலத்தோடு விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

துணையாசிரியர் மேசை

முகநூலை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள். 2023 ஆகஸ்டில் கனடாவில் மெட்டா நிறுவனம் செய்தியையே தன் தளங்களிலிருந்து நீக்கியது. பல ஆண்டு சேர்த்த வாசகர்களைச் சிற்றூர்ச் செய்தித் தளங்கள் அங்கே இழந்தன. புலன வாசகர் எண்களை உங்கள் கையிலும் ஒரு பட்டியலாக வைத்திருங்கள், அவர்கள் சம்மதத்தோடு.

பணத்துக்கு என் யோசனை இது. 150 வீடு, மாதம் 5 ரிங்கிட், 750 ரிங்கிட். ஒரு நிருபரின் பெட்ரோல், நிலத் தேடல், எஸ்.எஸ்.எம். கட்டணம், கைப்பேசித் தரவு இதில் அடங்கும். சம்பளம் அடங்காது, அதை மறைக்கக்கூடாது. வணிகப் பெயரில் எஸ்.எஸ்.எம். பதிவு ஆண்டுக்கு 60 ரிங்கிட். தனி வங்கிக் கணக்கு. வரவு செலவை மாதாமாதம் பக்கத்திலேயே போடுங்கள்.

செம்பனை 60

750-ஐ வைத்துக்கொண்டு எவ்வளவு நாள் ஓட்டுவது? உள்ளூர்த் தலைவர்களிடமும் வாங்கத்தான் வேண்டும் அண்ணே. அவர்களிடம் மட்டும்தான் பணம் இருக்கிறது.

துணையாசிரியர் மேசை

விளம்பரமாக வாங்குங்கள், நன்கொடையாக வேண்டாம். மேலே 'விளம்பரம்' என்று பெரிய எழுத்தில், கொடுத்தவர் பெயரோடு. நடப்பில் ஒரு புகாரில் பெயர் இருப்பவரிடம் அந்த விவகாரம் முடியும்வரை எதுவும் வாங்கக்கூடாது. செய்தி எழுதுபவர் விளம்பரம் கேட்டுப் போகவே கூடாது. வேறு ஆள் இல்லையென்றால் விளம்பரமே வேண்டாம்.

வட்டார நிருபர்

கடைசி விதியில் எனக்கு உடன்பாடில்லை. இந்த ஊரில் அப்படி இரண்டு ஆள் வைத்து நடத்த முடியாது. யார் எவ்வளவு கொடுத்தார் என்று பகிரங்கமாகப் போட்டுவிட்டால் வாசகர்களே கண்காணிப்பார்கள். கூலி நிருபர்கள் தங்களுக்கென்று இரண்டு காரியம் செய்துகொள்ளட்டும்: சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் சுயதொழில் திட்டத்தில் சேருங்கள், சம்பவ இடத்துக்குப் போகும் வழியில் விழுந்தால் அதுதான் மருத்துவச் செலவைப் பார்க்கும். ஊழியர் சேமநிதியில் ஐ-சாரான் (சுயதொழில் செய்வோருக்கான விருப்பச் சேமிப்பு) மூலம் முடிந்ததைப் போடுங்கள், அரசின் ஊக்கத்தொகையும் சேரும்.

தோட்டத்து முரசு

அந்த 30 நாள் கடிதத்துக்கு வருகிறேன். மேனேஜரிடம் பதில் கேட்டால் "தலைமையகத்தைக் கேள்" என்கிறார்களாம். எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்?

சட்டப்புத்தகம்

எழுத்தில் கேளுங்கள், வாய்மொழியில் வேண்டாம். கேள்விகளுக்கு எண் போட்டு, ஐந்துக்கு மேல் போகாமல், மேனேஜரின் புலனத்துக்கும் நிறுவனத்தின் பதிவு முகவரி மின்னஞ்சலுக்கும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள். எந்தத் தேதி, எந்த நேரத்துக்குள் பதில் வேண்டும் என்று அதிலேயே சொல்லுங்கள். கெடுவுக்கு இன்னும் வாரக்கணக்கில் இருக்கிறது என்றால் முழுதாக இரண்டு வேலை நாள் கொடுப்பது நியாயம். நாளையே கதவை உடைக்கிறார்கள் என்றால் சில மணி நேரம் போதும். பதில் வராவிட்டால் "இந்தத் தேதியில் கேள்விகள் அனுப்பப்பட்டன, பதில் இல்லை" என்று எழுதுங்கள். "பதில் சொல்ல மறுத்தது" என்று எழுதாதீர்கள், அது வேறு குற்றச்சாட்டு. பதில் பிறகு வந்தால் அதே பதிவின் மேலேயே நேரம் குறிப்பிட்டுச் சேருங்கள். தோட்டம் தனியார் நிலம் என்பதால் உள்ளே போவதற்கு லயத்து வீட்டுக்காரர் ஒருவரின் அழைப்பு இருக்கட்டும், அந்த அழைப்பும் புலனத்தில் எழுத்தாக இருக்கட்டும்.

தோட்டத்து முரசு

நன்றி ஐயா. கேள்வி நகலை நாளைக்கு இங்கே போடுகிறேன், தோட்டத்தின் பெயரை எடுத்துவிட்டு. திருத்தம் சொல்லுங்கள்.